வானம் கைவிடும் ஆண்டில் வயலை நடத்துவது எப்படி: சிறு விவசாயிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளம் வந்தால் ஊரே எழுந்து ஓடும். வறட்சி அப்படி வருவதில்லை. "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று நம் வாயாலேயே சொல்லவைத்து, வாரம் வாரமாக வயலைத் தின்றுவிடும். மூடாக்கு (மண்ணை வைக்கோலாலோ சருகாலோ மூடுவது), குறுகிய காலப் பயிர், சொட்டுநீர் எல்லாம் இன்று பெரும்பாலான சிறு விவசாயிகளுக்குத் தெரிந்தவைதான். எந்தத் தேதியில் எதைக் கைவிடுவது என்பதை மட்டும் யாரும் முன்கூட்டி எழுதிவைப்பதில்லை. அதனால் இந்த வழிகாட்டி நாள்காட்டி வரிசையில் போகிறது. விதைப்புக்கு முந்தைய கணக்கில் தொடங்கி, அடுத்த பருவத்துக்கான விதை எடுப்பதில் முடிகிறது.

படி 1: தண்ணீரை லிட்டரில் எண்ணுங்கள்

ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆகவே 20 மி.மீ. மழை ஒரு ஏக்கரில் சுமார் 80,000 லிட்டரைக் கொட்டிவிட்டுப் போகிறது. பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரிகள் எட்டு வந்து ஊற்றியதற்குச் சமம். அதில் எத்தனை லாரித் தண்ணீர் வரப்பைத் தாண்டி ஓடியது என்று கேட்டுக்கொண்டால், படி 3 ஏன் இவ்வளவு நீளம் என்பது புரிந்துவிடும்.

மழை அளக்க விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டியதில்லை. பக்கச் சுவர் நேராக நிற்கும் தகர டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். மழை நின்றதும் அளவுகோலை விட்டுப் பாருங்கள். தேங்கிய ஆழம் எத்தனை மில்லிமீட்டரோ, மழையும் அத்தனை மில்லிமீட்டர்தான்.

அடுத்து, பயிர் கேட்கும் அளவு. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு தரும் பொதுவான மதிப்பின்படி, பருவம் முழுவதற்கும் மக்காச்சோளத்துக்கு 500 முதல் 800 மி.மீ., சோளத்துக்கு 450 முதல் 650, நிலக்கடலைக்கு 500 முதல் 700, பீன்ஸ் வகைகளுக்கு 300 முதல் 500 மி.மீ. தேவைப்படும். வெயிலும் காற்றும் இதை ஏற்றும், இறக்கும்.

மூன்றாவதாக மண்ணின் கொள்ளளவு. ஒரு மீட்டர் ஆழ மணல் மண் பயிருக்குக் கொடுக்கக்கூடிய நீர் 25 முதல் 100 மி.மீ. வரைதான். வண்டலில் 100 முதல் 175, களிமண்ணில் 175 முதல் 250 வரை இருக்கும். மீட்டருக்கு 100 மி.மீ. கொள்ளும் மண்ணில், வேர் அரை மீட்டர் இறங்கியிருந்தால் பயிரின் கையிருப்பு 50 மி.மீ. நடுப்பருவத்தில் நாளைக்கு 5 மி.மீ. குடிக்கும் பயிருக்கு அது பத்து நாள் காணும் என்று தோன்றும். ஆனால் கையிருப்பில் பாதி தீரும்போதே பயிர் வாடத் தொடங்கிவிடும். ஆகவே ஐந்தாறு நாள்தான். எத்தனை நாள் இடைவெளியை நம் வயல் தாங்கும் என்ற இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் பாதி எளிதாகிவிடும்.

குட்டையோ கிணறோ இருந்தால் அதையும் இதே கணக்கில் சேருங்கள். 2 லட்சம் லிட்டர் கொள்ளும் குட்டை பெரிதாகத்தான் தெரியும். ஒரு ஏக்கரில் பரப்பினால் அது 50 மி.மீ., அதாவது ஒரே ஒரு முழுப் பாசனம். அதிலும் வெயிலில் ஆவியாவதைக் கழிக்க வேண்டும். 10 மீட்டருக்கு 10 மீட்டர் நீர்ப்பரப்பில் நாளுக்கு 6 மி.மீ. ஆவியானால் 600 லிட்டர், மாதத்துக்கு 18,000 லிட்டர் காற்றோடு போகிறது. குட்டையை அகலமாக வெட்டுவதைவிட ஆழமாக வெட்டுவது மேல் என்பதற்கு இதுவே காரணம்.

படி 2: முடிவுத் தேதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்

பருவமழை வழக்கமாக எந்த வாரம் ஓய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி மழைக்குப் பிறகு மண் ஈரம் 15 நாள் தாங்கும் என்றால், 110 நாள் பயிரை மழை ஓய்வதற்கு 95 நாள் முன்பே விதைத்தாக வேண்டும். அதுதான் அந்தப் பயிரின் கடைசித் தேதி. அது தாண்டிவிட்டால் விதை வீட்டில் இருந்தாலும், உழவு முடிந்திருந்தாலும், அந்தப் பயிர் இந்த ஆண்டுக்கு இல்லை. அடுத்ததாக 80 நாள் பயிருக்கு ஒரு கடைசித் தேதி. அதுவும் போனால் தீவனப் பயிர் மட்டும்.

இதே தாளில் இன்னும் மூன்று தேதிகளை எழுதுங்கள். எந்த நாளுக்குள் மழை வராவிட்டால் மேலுரம் வாங்குவதில்லை, எந்த நாளில் எத்தனை ஆடுமாடுகளை விற்பது, எந்த நாளில் ஒரு பகுதிப் பயிரைக் கைவிட்டு மீதியைக் காப்பது. மனம் தெளிவாக இருக்கும்போது எழுதிய தேதிதான் பயிர் வாடும்போது துணைக்கு வரும். வாடிய பயிரைப் பார்த்துக்கொண்டே எடுக்கும் முடிவில் பாசமும் கடனும் கலந்துவிடும்.

பயிர்க் காப்பீடு இருந்தால் பதிவுக்கும் இழப்பைத் தெரிவிப்பதற்குமான கடைசி நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வானிலைக் குறியீட்டை வைத்து இழப்பீடு தரும் திட்டங்கள் உங்கள் வயலைப் பார்ப்பதில்லை; மழைமானியையோ செயற்கைக்கோள் படத்தையோதான் பார்க்கின்றன. மழைமானி இருக்கும் ஊரில் மழை பெய்து, உங்கள் வயல் காய்ந்தால் பணம் வராமல் போகலாம். அந்தக் காகிதத்தை நம்பித் துணிச்சலான பயிர்த் திட்டம் போடாதீர்கள்.

படி 3: மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்துங்கள்

மழை பெய்த மறுநாள் காலை மண்வெட்டியோடு வயலின் மூன்று இடங்களில் குழி பறித்துப் பாருங்கள். மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, தாழ்வில் ஒன்று. 25 மி.மீ. மழை முழுவதும் உள்ளே இறங்கியிருந்தால், காய்ந்த மணற்பாங்கான மண்ணில் ஓர் அடி வரை ஈரம் தெரியும். வண்டலில் அரை அடிக்குச் சற்று மேல், களியில் அரை அடிக்கும் குறைவு. மேட்டுக் குழியில் நான்கு விரல் ஆழத்திலேயே புழுதி தட்டுப்பட்டால், அந்த மழையில் பெரும்பகுதி உங்களுக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது என்று பொருள். வெடித்துக் கிடக்கும் களிமண்ணில் மட்டும் ஏமாறாதீர்கள். அங்கே தண்ணீர் பிளவு வழியாக ஆழத்துக்கு இறங்கியிருக்கும். பக்கத்து மண்கட்டி காய்ந்தே கிடக்கும்.

செலவில்லாத வேலை முதலில்: சரிவுக்குக் குறுக்கே உழுவது, சரிவுக்குக் குறுக்கே விதைப்பது. சரிவு எந்தப் பக்கம் என்று கண்ணால் முடிவு செய்ய வேண்டாம். நிலம் கண்ணை ஏமாற்றும். ஒளிபுகும் நீண்ட குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் இரண்டு குச்சிகளில் கட்டினால், நீர்மட்டம் சம உயரக் கோட்டைக் காட்டிவிடும். கோடு கிடைத்ததும் அதன்மீது வரப்பு எடுக்கலாம், கல் கிடைக்கும் இடத்தில் கல்வரிசை அடுக்கலாம். கல்வரிசையின் நன்மை அது தண்ணீரை முழுதாகத் தடுக்காமல் வேகத்தை மட்டும் குறைப்பது. பெருமழையில் உடைவதில்லை, மண்ணையும் சருகையும் மேல்பக்கம் படியவைக்கிறது.

பார் (நீள மேடு) பிடித்த வயலில், பார்களுக்கு இடையே உள்ள சால்களுக்குள் ஒவ்வோர் ஐந்தாறு அடிக்கும் ஒரு சிறு குறுக்கணை போடுங்கள். சால் ஒரு வாய்க்காலாக ஓடாமல் வரிசைத் தொட்டிகளாக மாறிவிடும். அணையின் உயரம் பாரைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கனமழையில் பாரே அறுந்துபோகும். நீர் தேங்கினால் வேர் அழுகும் களிமண்ணில் இதைச் செய்யாதீர்கள்.

இறுகிப்போன, ஒன்றும் முளைக்காத நிலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் "ஜாய்" குழி ஒரு நல்ல பாடம். புர்க்கினா பாசோவின் வடக்கே யாட்டெங்கா பகுதியில், 1980களின் தொடக்கத்தில், யாகூபா சவாடோகோ என்ற விவசாயி முன்னோர் வெட்டிய சிறு குழிகளை எடுத்து அகலமும் ஆழமும் கூட்டினார். மழைக்கு முன்பே காய்ந்த நிலத்தில் வெட்டினார். ஊரார் சிரித்தார்கள். குழிக்குள் சாணமும் மக்கும் போட்டார். அந்த வாசனைக்குக் கரையான் வந்தது. கரையான் துளைத்த வழிகளில் முதல் மழை உள்ளே இறங்கியது. கரையானை எதிரியாக மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கூச்சமான செய்திதான்! பொதுவான அளவு: அகலம் 20 முதல் 30 செ.மீ., ஆழம் 10 முதல் 20 செ.மீ., குழிக்குக் குழி இடைவெளி 60 முதல் 80 செ.மீ. தோண்டிய மண்ணைக் குழியின் தாழ்வுப் பக்கத்தில் அரைவட்டமாகக் குவிக்க வேண்டும். அப்போதுதான் மேலிருந்து ஓடிவரும் நீர் உள்ளே விழும். குழிக்கு ஓரிரு கைப்பிடி மக்கிய உரம், மழை வந்ததும் சோளம் அல்லது கம்பு.

இதன் விலை உடலுழைப்பு. ஏக்கருக்குப் பல ஆயிரம் குழிகள் வரும். முழு நிலத்துக்கும் ஒரே ஆண்டில் வெட்ட முயன்று முதுகு ஒடிந்தவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள். ஆண்டுக்கு ஒரு மூலை போதும். 2018இல் சவாடோகோவுக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அதே ஆண்டு அதே விருதைப் பெற்ற இன்னொருவர் டோனி ரினாடோ. நைஜரில், வெட்டிய மரங்களின் அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பதைக் களையாக நினைத்துச் சீவாமல், தேர்ந்தெடுத்து வளர்க்கும் முறையைப் பரப்பியவர். வயலில் மரம் நின்றால் காற்றின் வேகம் குறையும், தழை கிடைக்கும், காய்ந்த காலத்தில் ஆட்டுக்குக் கொப்பு கிடைக்கும். நாற்று நட்டுத் தண்ணீர் சுமப்பதைவிட, வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கும் அடிக்கட்டையை விட்டுவைப்பது வறண்ட நிலத்தில் பன்மடங்கு எளிது.

மூடாக்கைப் பற்றி ஒரு சொல். வைக்கோல், தட்டை, சருகு எதுவாயினும் மண் தெரியாத அளவுக்கு மூடினால்தான் பலன். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவினால் மனநிறைவு மட்டுமே மிஞ்சும். ஆனால் அதே தட்டைதான் மாட்டுக்குத் தீவனம். இரண்டுக்கும் போதாதபோது காய்கறிப் பாத்திக்கும் மரத்தடிக்கும் மூடாக்கு, மற்றது மாட்டுக்கு என்று பிரிப்பதே என் கணக்கு.

படி 4: தப்பிக்கும் பயிரா, தாங்கும் பயிரா?

கடைகளில் எல்லா ரகத்துக்கும் "வறட்சியைத் தாங்கும்" என்று ஒரே பெயர் ஒட்டுகிறார்கள். உண்மையில் இரண்டு வேறு குணங்கள் இருக்கின்றன. குறுகிய காலப் பயிர் வறட்சி வருவதற்குள் முதிர்ந்து தப்பிக்கிறது. சோளமும் துவரையும் வறட்சிக்கு நடுவே நின்று தாங்குகின்றன. உங்கள் ஊரில் மழை சீக்கிரம் ஓய்வதுதான் வழக்கமான தொல்லை என்றால் தப்பிக்கும் பயிர் சரி. நடுவில் மூன்று வாரம் காய்ந்து மீண்டும் பெய்வது வழக்கம் என்றால், 70 நாள் பயிர் அந்த இடைவெளியில் சரியாகப் பூவெடுத்து மாட்டிக்கொள்ளும். சோளமோ வளர்ச்சியை நிறுத்தி இலையைச் சுருட்டிக் காத்திருந்து, மழை வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மக்காச்சோளத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஆகவே ஒரே பயிர் வேண்டாம். மேல்மண்ணில் உண்ணும் கம்பு அல்லது சோளத்தோடு, ஆழம் போகும் துவரையை ஊடுபயிராக வைக்கலாம். தரையில் படரும் தட்டைப்பயறு மண்ணையும் மூடும். வறட்சி ஆண்டில் ஊடுபயிரின் வரிசையைக் குறைக்க வேண்டுமே தவிர நெருக்கக் கூடாது. செடி எண்ணிக்கை என்பது வாய்களின் எண்ணிக்கை.

படி 5: விதைப்பு

பருவத்தின் முதல் மழை பலமுறை ஏமாற்று மழை. விதை முளைத்து இரண்டு இலை விடும்வரை போதுமான ஈரம் தந்துவிட்டு மறைந்துவிடும். அதனால் குழி பறித்து, ஒரு சாண் ஆழத்துக்காவது ஈரம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே விதையுங்கள். எல்லா விதையையும் ஒரே நாளில் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு வீட்டில் இருக்கட்டும். முதல் விதைப்பு கருகினால் மறுவிதைப்புக்கு அது கை கொடுக்கும். கருகாவிட்டால் பத்து நாள் பின்தங்கிய விதைப்பாக அபாயத்தைப் பிரித்துக்கொள்ளும்.

விதையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் நிழலில் மேற்பரப்பு உலரும்வரை பரப்பி, அன்றே விதைத்தால் முளைப்பு முந்தும். மக்காச்சோளம், சோளம், கொண்டைக்கடலை ஆகியவற்றில் இது நன்கு வேலை செய்கிறது. ஊறிய நேரம் கூடிவிட்டால் விதை வீட்டிலேயே முளை கட்டிவிடும். ஈரமில்லாத மண்ணில் அதைப் போட்டால் செத்துப்போகும். மழைக்கு முன் புழுதியில் விதைப்பதானால் ஊறவைக்கவே கூடாது.

படி 6: நடுவில் மழை நின்றுவிட்டால்

முதல் வேலை களை. ஒவ்வொரு களையும் உங்கள் தண்ணீரைக் குடிக்கும் விருந்தாளி. கொத்தும்போது மேலாக மட்டும் கொத்துங்கள். இரண்டு விரல் ஆழப் பொடிமண் மேலே நின்றால் அதுவே ஒரு மூடாக்கு. ஆழமாகக் கிளறினால் உள் ஈரம் வெயிலுக்கு வந்துவிடும்.

யூரியாவை வெறும் காய்ந்த மண்ணில் தூவாதீர்கள். கரைந்து உள்ளே இறங்க ஈரமில்லாமல் ஒரு பகுதி காற்றில் போகும். உரத்தைச் சிறு பங்குகளாகப் பிரித்து, மழை பெய்த பின் மட்டும் போடுவது இரண்டு வகையில் லாபம்: போட்ட உரம் கரைந்து மண்ணுக்குள் இறங்கும்; பயிர் பொய்த்தால் மீதி உரம் மூட்டையிலேயே இருக்கும்.

பிறகு மனம் வலிக்கும் வேலை, கலைத்தல். சோளத்தில் மூன்று வரிசைக்கு ஒரு வரிசையை எடுத்துவிட்டால் மீதி இரண்டுக்கும் ஈரம் கூடும். எப்போது எடுப்பது? காலை ஏழு மணிக்கு வயலில் நின்று பாருங்கள். பிற்பகலில் இலை சுருள்வது பயிரின் தற்காப்பு. அதற்குப் பதற வேண்டாம். இரவு முழுவதும் குளிர்ந்த பிறகும் காலையில் சுருளாகவே நின்றால், வேருக்கு எட்டும் ஈரம் தீர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு நாள் தொடர்ந்து அப்படி இருந்தால் கலைத்துவிடுங்கள்.

மக்காச்சோளத்தில் ஆண்பூவையும் பட்டு நூலையும் கவனியுங்கள். தண்ணீர் தட்டுப்பட்டால் உச்சியில் ஆண்பூ நேரத்துக்கு வந்துவிடும். கதிரில் பட்டு நூல் தாமதமாகும். நூல் வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். கதிரை உரித்தால் தக்கை மட்டும் வெள்ளையாக இருக்கும், மணி இருக்காது. செடி பச்சையாக இருப்பதைப் பார்த்து மேலும் செலவு செய்பவர்கள் ஏமாறும் இடம் இது. பூத்து இரண்டு வாரத்தில் பத்துக் கதிரை உரித்துப் பாருங்கள். மணி பிடிக்கவில்லை என்றால், பச்சை இருக்கும்போதே தீவனமாக அறுத்துவிடுவது நல்லது.

படி 7: கொஞ்சம் தண்ணீர் இருந்தால் எப்போது பாய்ச்சுவது?

முழு நிலத்துக்கும் அரைகுறையாக வேண்டாம். படி 1இல் பார்த்த 50 மி.மீ. குட்டையை அரை ஏக்கருக்குத் திருப்பினால் இரண்டு உயிர்ப் பாசனம் கிடைக்கும். மீதி நிலம் மழைக்கு விட்டது. இரண்டையும் பயிரின் பலவீனமான நாட்களுக்கு ஒதுக்குங்கள்: மக்காச்சோளத்துக்கு ஆண்பூ வருவதற்கு முன்னும் பின்னும், சோளத்துக்குக் கதிர் தொண்டையில் (வெளிவராமல் இலையுறைக்குள்) இருக்கும்போது, நிலக்கடலைக்குப் பூத்து விழுது இறங்கும்போது, பயறுகளுக்குப் பூவிலும் பிஞ்சிலும். இலைப் பருவத்தில் பயிர் கொஞ்சம் வாடினால் மீளும். பூவில் வாடினால் மீளாது.

பாரில் பாய்ச்சும்போது ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சுங்கள், அடுத்த முறை விட்ட சாலில். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு எளிய கருவியைப் பரப்பியது: 30 செ.மீ. நீளத் துளையிட்ட குழாயை வயலில் புதைத்து உள்ளே நீர்மட்டத்தைப் பார்ப்பது. மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. வரை இறங்கும்வரை காத்திருந்து மீண்டும் பாய்ச்சலாம். விளைச்சல் குறையாமல் 30 சதவீதம் வரை நீர் மிச்சமாகும். பூக்கும் வாரத்தில் மட்டும் வயல் காயக் கூடாது.

சில மரங்களும் காய்கறிச் செடிகளும் மட்டுமே இருந்தால் மெருகிடாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடுங்கள். பானையின் சுவரில் கசியும் நீரை வேர் தேடி வரும். பழமரங்களில் இந்த ஆண்டுக் காயை உதிர்த்து, கிளையைக் குறைத்து, மரத்தைக் காப்பாற்றினால் போதும்.

படி 8: ஆடுமாடுகள்

விற்பதானால் எல்லோரும் விற்பதற்கு முன் விற்றுவிடுங்கள். எலும்பு தெரியும் மாட்டுக்குச் சந்தையில் மதிப்பு இல்லை. கிடாக்களும் கிழங்களும் முதலில், சினைக்கு வரும் இளம் பெட்டைகள் கடைசியில். மழை திரும்பியதும் மந்தையை மீட்டெடுப்பவை அவைதான்.

வறட்சியில் குன்றிய சோளம், வெட்டிய பின் துளிர்த்த மறுதாம்பு, இரண்டிலும் ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு உருவாகும். பசித்த மாட்டை அதில் அவிழ்த்துவிட்டால் சில நிமிடங்களில் விழுந்துவிடும். மழை பெய்து புதுத்துளிர் வரும் நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. பயிர் இடுப்பளவு வளர்ந்து பூக்கும்வரை மேய்க்காதீர்கள். நன்றாக உலர்த்தினால் சயனைடு பெருமளவு குறையும். ஆனால் வறட்சிப் பயிரின் தண்டில் சேரும் நைட்ரேட் என்ற இன்னொரு நஞ்சு உலர்த்தினாலும் போகாது. ஆகவே அடித்தண்டைத் தரையிலேயே விட்டு, மேலே அறுத்து, வேறு தீவனத்தோடு கலந்து கொடுங்கள்.

வைக்கோல் மட்டும் மிஞ்சினால்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் நீரில் முழுமையாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவையுங்கள். திறந்ததும் சிறிது நேரம் ஆறவிட்டு, ஆடுமாடுகளுக்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். கன்றுகளுக்கும் குதிரை, கழுதைகளுக்கும் வேண்டாம். கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்; உயிர் போகும்.

படி 9: அறுவடையும் அடுத்த விதையும்

காய்ந்து முதிர்ந்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வறட்சி ஆண்டில் கூடும். வெடித்த காய், பூச்சி துளைத்த மணி, நிறம் மாறியவை எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கோழிக்கும் மாட்டுக்கும்கூடப் போட வேண்டாம். நன்றாக உலர்த்திய பிறகே மூட்டை கட்டுங்கள்.

பொய்த்த வயலில் போட்ட உரத்தில் ஒரு பங்கு மண்ணிலேயே இருக்கும். அடுத்த பருவத்தில் மண் பரிசோதித்துக் குறைத்துப் போடலாம். கிணற்றுநீர் வற்ற வற்ற உப்பேறி, அதைப் பாய்ச்சிய மண்ணிலும் உப்பு சேர்ந்திருந்தால், முதல் நல்ல மழை அந்த உப்பைக் கீழே கழுவி இறக்கும்வரை பயறு விதைக்காதீர்கள்.

சோளம், கம்பு போன்ற சொந்த விதைக்குக் கதிர் தேர்ந்தெடுக்கும்போது வரப்போரம், வாய்க்காலோரம் நிற்கும் கொழுத்த கதிரை விட்டுவிடுங்கள். அதற்குக் கூடுதல் தண்ணீர் கிடைத்தது, அவ்வளவே. வயலின் நடுவே, சுற்றிலும் செடிகள் வாடிப்போன இடத்தில், நடுத்தரமான கதிரோடு நிமிர்ந்து நிற்கும் செடிகளில் நூல் கட்டி வையுங்கள். குறைந்தது நூறு செடிகளாவது வேண்டும். அந்தக் கதிர்களைத் தனியாக அறுத்து, தனியாக உலர்த்தி, மூட்டைமேல் ஆண்டையும் அந்தப் பருவத்தில் டப்பா காட்டிய மொத்த மழை மில்லிமீட்டரையும் எழுதிவிடுங்கள்.